திருப்பிக் கொடுக்க முடியாத மொய்

காத்தான் வீட்டார் அன்பரசனுக்குத் தரவேண்டிய பாக்கி பத்தாயிரத்து ஒரு ரூபாய். அதற்கு வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கெடுவும் கிடையாது. அது மொய்ப்பணம். மகள் சுடர்விழியின் கல்யாணத்தன்று அன்பரசன் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வந்து, மணமேடையில் நடுவாக நின்று போட்டோவுக்குச் சிரித்து, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, எழுதிவிட்டுப் போனது. மைக்கில் அந்தத் தொகையை வாசித்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். தாய்மாமனே ஐயாயிரம்தான் எழுதியிருந்தான்.

வாங்கின மொய்யை, எழுதினவன் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது திருப்பி எழுத வேண்டும். கூடவே புதிதாக ஒரு தொகை வைத்தால் உறவு தொடர்கிறது என்று அர்த்தம். வாங்கினதை மட்டும் மொட்டையாக வைத்தால் இத்தோடு சரி என்று அர்த்தம். விசேஷம் எதுவும் இல்லாமல் கையில் கொண்டுபோய் நீட்டினால் அது முகத்தில் அறைகிற மாதிரி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இது மூக்கொழுகுகிற பிள்ளைக்கும் தெரியும்.

அன்பரசன் நீடாமங்கலத்துக்காரன். மியூச்சுவல் ஃபண்ட் ஏஜெண்ட். பைபாஸ் ரோட்டுக்குக் காத்தானின் அரை ஏக்கர் போனபோது நஷ்டஈடு எட்டு லட்சம் பேங்கில் விழுந்தது. விழுந்த சத்தம் காத்தானுக்குக் கேட்பதற்கு முன்னால் அன்பரசனுக்குக் கேட்டுவிட்டது. ஆப்பிள் பையோடு வாசலில் வந்து நின்றான். காத்தானை "மாமா" என்றான். தங்கம்மாளை "அத்தை" என்றான். எந்த வழியில் மாமா, எந்த வழியில் அத்தை என்று தங்கம்மாள் நெடுநேரம் யோசித்துப் பார்த்தாள். எட்டு லட்சம் வந்த வழியைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

காத்தான் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்குகிறவன். "ஏய்", "இந்தாப்பா", "அந்த ஆளக் கூப்புடு" என்றே காலம் முழுக்கக் கேட்டுப் பழகிய காது அவனுக்கு. பாலிஷ் போட்ட செருப்புக்காரன் ஒருவன் வாசலில் நின்று மாமா என்றதும் அந்தக் காது குளிர்ந்து, கை தானாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டது. காகிதத்தில் எங்கெங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்ததோ அங்கெல்லாம் போட்டது. தங்கம்மாள் அன்றைக்கே சொன்னாள், "என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க" என்று. "மாமாங்கிறான், அவன்ட்ட போயி கேக்கறதா" என்றான் காத்தான். புருஷன்மார்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. அதட்டினால் நிமிர்ந்து நிற்பார்கள், கும்பிட்டால் விழுந்துவிடுவார்கள்.

நாலு வருஷம் ஓடிவிட்டது. எட்டு லட்சம் பத்து லட்சத்து முப்பதாயிரமாக வளர்ந்திருந்தது. காத்தானின் வலது தோள் அதே நாலு வருஷத்தில் தேய்ந்துபோய்விட்டது. இனிமேல் மூட்டையைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த சம்பா சீசனோடு அவனுக்கு வேலை முடிந்தது. நடவு மெஷின் வந்ததிலிருந்து தங்கம்மாளின் வேலையும் பாதியாகிவிட்டது. இனி அந்தப் பணத்திலிருந்து மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் இரண்டு பேரும் சாப்பிட வேண்டும். வேறு எதுவும் கிடையாது. நிலத்தின் மேல் லாரி போய்க்கொண்டிருந்தது.

சுடர்விழி தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாசி மாதக் கடைசியில் லீவு போட்டு வந்தவள், மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்ப்பதற்காக அப்பாவின் ஃபண்டு விவரத்தைப் போனில் திறந்தாள். திறந்தவள் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"அம்மா, இங்க வா. இந்த ரெண்டையும் பாரு."

தங்கம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கங்கள். இரண்டிலும் ஒரே ஃபண்டின் பெயர். ஒன்றில் பெயருக்குப் பின்னால் ரெகுலர் என்று இருந்தது, இன்னொன்றில் டைரக்ட் என்று இருந்தது.

"நம்மளது இது, ரெகுலர். இதுல வருஷச் செலவு நூத்துக்கு ஒரு ரூவா தொண்ணூறு காசு. அதுல எம்பது காசு."

"என்ன செலவு?"

"ஃபண்ட நடத்துறதுக்கு. நம்ம பணத்துலேர்ந்தே கழிச்சுக்குவாங்க. கைநீட்டிக் கேக்க மாட்டாங்க, அதான் நமக்குத் தெரியல."

"கூட வாங்குறவன் கூட என்ன செய்யிறான்?"

"ஒண்ணும் செய்யல. நடத்துறது ஒரே ஆளு. வாங்கி வச்சிருக்கிற ஷேரும் ஒண்ணுதான். கூட உள்ளது ஏஜெண்ட் கமிஷன்."

"எந்த ஏஜெண்ட்?"

சுடர்விழி நிமிர்ந்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அதில் அன்பரசன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தங்கம்மாள் சுவரோரமாக உட்கார்ந்தாள். ஆள் பிடித்துவிடுகிற கங்காணி தலைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தக் கங்காணி வரப்பில் நின்று கத்தவாவது செய்வான்.

"நம்ம பணத்துக்கு அது எவ்வளவு வரும்?"

"இப்ப உள்ள கணக்குக்கு வருஷம் பதினோராயிரத்துக்கு மேல. பணம் வளந்தா அதுவும் வளரும். நாம எடுத்துத் தின்ன ஆரம்பிச்சாலும் மிச்சம் இருக்கிற வரைக்கும் போயிக்கிட்டே இருக்கும்."

"அப்ப அவன் ஒங் கல்யாணத்துல எழுதினது?"

"நம்ம பணந்தாம்மா" என்றாள் சுடர்விழி.

காத்தான் கட்டிலில் திரும்பிப் படுத்தான். தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்குப் போவதற்கு முன்னால், போவதற்கு என்ன செலவு என்று கேட்கத் தங்கம்மாளுக்குத் தெரியும். கேட்டாள். சுடர்விழி தேடித் தேடிச் சொன்னாள். போட்ட ஒரு வருஷத்துக்குள் வெளியேறினால்தான் நூற்றுக்கு ஒன்று பிடிப்பார்கள், நமக்கு அது தாண்டிவிட்டது. ஆனால் ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது, விற்றுவிட்டு மறுபடி வாங்கின கணக்கு. ஒரு வருஷத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் லாபம் காட்டினால் வரி. நம் லாபம் இரண்டு லட்சத்து முப்பதாயிரம்.

"அதனால பாதிய மார்ச் முடியறதுக்குள்ள மாத்திப்புடணும். மீதிய ஏப்ரல்ல மாத்துனா அது அடுத்த வருஷக் கணக்கு. ஒரு பைசா வரி இல்ல. இந்த மார்ச்ச விட்டா மீதிப் பாதிக்கு இன்னும் ஒரு வருஷம் குந்தியிருக்கணும்."

"அதுவரைக்கும் இவனுக்கு அழணும்."

"ஆமா."

"மாத்து."

"அப்பா போனுக்கு ஒரு நம்பர் வரும். அத அவரு சொல்லணும்."

இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றது முதுகு.

சொல்லாமல் இருந்ததோடு நிற்கவில்லை காத்தான். மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் போய் நின்று அன்பரசனுக்கே போன் போட்டு, "மாப்ள, இப்புடி இப்புடி வீட்டுல பேசிக்கிறாங்க, ஒங்களுக்கு எதுவும் வருத்தமில்லியே" என்று கேட்டுவிட்டான். பையைத் திருடினவனிடம் போய், பையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா, மனசு கஷ்டப்படாதே என்று கேட்கிற ஆளோடு முப்பது வருஷமாகக் குடித்தனம் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது தங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அது நல்ல சிரிப்பு இல்லை.

அன்பரசன் அன்றைக்கே வந்தான். ஆப்பிள் பை வந்தது. கார் சாவி வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவதற்கு முன் கைக்குட்டையால் அதைத் துடைக்கிற வழக்கமும் வந்தது.

"என்ன அத்தை, டைரக்ட் போறீங்களாமே. தாராளமாப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா டைரக்ட்னா கேக்க நாதி இருக்காது. மார்க்கெட் விழுந்தா யாருக்குப் போன் போடுவீங்க?"

"இப்ப விழுந்தா நீங்க தாங்கிப் புடிப்பீங்களா தம்பி?"

"தாங்கிப் புடிக்க முடியாது. ஆறுதல் சொல்லுவேன்ல."

"போன ஐப்பசியில விழுந்துச்சு. போன் போட்டேன், நீங்க எடுக்கல."

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன் அத்தை."

"ஒரு வாரமாவா?"

அன்பரசன் சிரித்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் அவனிடம் அந்த ஒரே சிரிப்புதான். காலண்டருக்கு எடுத்ததை முகத்திலேயே விட்டுவிட்டான் போலிருந்தது. பிறகு சுடர்விழி பக்கம் திரும்பி, மாறினால் வெளியேறும் கட்டணம் பிடிப்பார்கள் என்றான். ஒரு வருஷத்துக்குள் என்றால்தான் என்றாள் அவள். வரி வருமே என்றான். பாதி மார்ச், பாதி ஏப்ரல் என்றாள். "தங்கச்சி படிச்சவங்க" என்று சொல்லிவிட்டு அவளை அதற்கு மேல் பார்க்கவேயில்லை. நாற்காலியைத் தூக்கிக் காத்தானுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"மாமா, காசு என்ன மாமா காசு. சுடர் கல்யாணத்துல நான் ஏஜெண்டாவா வந்து நின்னேன்? சொந்தமாவுல்ல நின்னேன். எழுதுறப்ப ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பனா? என்னைக்காவது அதப் பத்தி வாயத் தொறந்திருக்கேனா?"

தொறந்துவிட்டான். காத்தானின் தலை தொங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீடாமங்கலத்திலிருந்து காரில் பெட்ரோல் போட்டு வந்திருக்கிறான் என்பது தங்கம்மாளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஆப்பிளை அவள் தொடவில்லை. அது அங்கேயே கிடந்து சுருங்கி, பிறகு ஆட்டுக்குப் போயிற்று. ஆடும் பாதியைத் துப்பிவிட்டது.

அவன் போனதும் காத்தான் சொன்னான்:

"மொய்ய வாங்கி வச்சுக்கிட்டு ஆள மாத்துனா ஊரு என்ன சொல்லும்? கொள்முதல் நிலையத்துல எவன் மூஞ்சியில முழிப்பேன்?"

"அங்கதான் இனிமே நீங்க போகப்போறதில்லியே."

"டீக்கடைக்குப் போவணும்ல. முதல்ல திருப்பி எழுதுவோம். எழுதின மறுநிமிஷம் நீ எதுல வேணா மாத்திக்க. நம்பரச் சொல்றேன். இது நெசம்."

"எப்ப எழுதுவீங்க?"

"அவங்க வீட்டுல விசேஷம் வரட்டும்."

"எப்ப வரும்?"

"வரும் புள்ள. மனுசன் வீடுன்னா ஏதாவது வராமலா போயிடும்."

மனுஷன் வீடு என்றால் வரும்தான். அதைப் பற்றித் தங்கம்மாள் சரியாக யோசித்தது உளுந்து வயலில்தான். சம்பா அறுத்த தாளுக்கு நடுவில் உளுந்து முற்றிக் கிடந்தது. பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நாகூர்ப் பக்கத்திலிருந்து மீன்கூடையோடு மொபெட்டில் வருகிற எல்லையம்மாள் வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, யாருக்கு மத்தி வேண்டும் என்று கேட்டாள். அவளும் அன்பரசனிடம் மாதாமாதம் பணம் கட்டுகிறவள்.

"ஒனக்கும் மொய் எழுதியிருக்கானா எல்லையம்மா?"

"எழுதாம? எம் பேரன் காதுகுத்துக்கு ரெண்டாயிரத்து ஒண்ணு. மைக்குல சொன்னப்ப எம் மருமவ அழுதுட்டா."

"திருப்பி எழுதிட்டியா?"

"எங்கேர்ந்து எழுதறது? அவரு விசேஷம் வச்சாத்தானே."

குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டு பேருக்கு அவன் மொய் இருந்தது. ஒருத்தியின் அண்ணன் வீட்டுப் புதுமனைக்கும் எழுதியிருந்தான். யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. யாரும் அவன் வீட்டு இலையில் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல அன்பரசனின் வாழ்க்கை முழுவதும் அந்த உளுந்து வயலில் விரிந்தது. அவன் கல்யாணம் ஏதோ ஒரு மலைக்கோயிலில் இருபது பேரோடு முடிந்திருந்தது. பிள்ளைக்குக் காது குத்தியதும் வெளியூர்க் கோயிலில்தான். திரும்பி வந்து எல்லார் வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு லட்டு அனுப்பினான். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியதை ஊர் அறியவேயில்லை, வாசலில் புது ஆட்களின் செருப்பு கிடந்ததை வைத்துத்தான் அக்கம்பக்கம் கண்டுபிடித்தது.

"சிக்கனமான ஆளு" என்றாள் எல்லையம்மாள்.

தங்கம்மாள் பிடுங்கின செடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சிக்கனமா? ஊரில் ஒரு கல்யாணம் விடாமல் எழுதுகிறவன், தனக்கு வரவேண்டிய மொய்யை ஒரு தடவைகூட வசூலிக்காமல் இருப்பானா? சாராயக் கடன்காரன்கூட மொய் விருந்து வைத்துக் கடனை அடைக்கிற சீமை இது. அவனுக்கு அந்தப் பணம் திரும்பி வரக்கூடாது. வந்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும். பாக்கி இருக்கிற வரைக்கும் எவனும் ஏஜெண்டை மாற்ற மாட்டான். வெட்கம் பிடித்த ஜனம், சோற்றை நிறுத்தினாலும் நிறுத்தும், மொய் வாங்கினவனை எதிர்க்காது. திருடன் வந்தால் இருட்டில் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். இவன் பந்தியில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

அவள் சிரித்ததைப் பார்த்து எல்லையம்மாள், "என்னக்கா, மீன் வேணாமா" என்றாள்.

அந்த வாரமே பத்திரிகை வந்தது. நீடாமங்கலம் கடைத்தெருவில் மருந்துக்கடை மாடியில் அன்பரசன் புது ஆபீஸ் திறக்கிறான். மார்ச் இருபதாம் தேதிக்கு மேல் ஒரு முகூர்த்தம். தங்க எழுத்து, உள்ளே பிள்ளையார், கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: அன்பளிப்புகளைத் தவிர்க்கவும். காத்தான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பாத்தியா, பணமே வேணாங்குறாரு புள்ள. எப்பேர்ப்பட்ட மனசு."

"வாழமரம் கட்டுவாங்கல்ல?"

"கட்டுவாங்க."

"மேளம்?"

"இருக்கும்."

"சாப்பாடு?"

"காப்பியும் கேசரியும் போட்டிருக்கு."

"அப்ப விசேஷந்தான். அன்னைக்கு எழுதுறோம்."

காத்தான் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான். ஆனால் விசேஷம் இல்லை என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. சம்பா சீசன் கூலியில் ஒதுக்கி வைத்திருந்த பணம் இருந்தது. அதில் பத்தாயிரத்தைத் தங்கம்மாள் எடுத்து, ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைத் தேடிச் சேர்த்து, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள்.

பிறகு ராசுவைப் போய்ப் பார்த்தாள். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மொய் எழுதுவது ராசுதான். இந்த உலகத்தில் பெரிய பதவி எது என்று கேட்டால் மொய் மேஜை என்று சொல்லுகிற ஆள். தொப்பையை மேஜைக்கு மேல் வைத்துக்கொண்டு, கலெக்டர் கையெழுத்துப் போடுகிற மாதிரி எழுதுவான். எழுதினதை மைக்கில் வாசிப்பதற்குள் இரண்டு தடவை கனைப்பான். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் மொய் எழுதி ரசீது கொடுக்கிற பையன்கள் வந்துவிட்டதால் அவனை அழைப்பது குறைந்துபோய், சும்மா இருந்தான்.

"மொய் இல்லாத விசேஷமா?" என்றான் ராசு, அவமானப்பட்டவன் போல. "அதெப்புடி? வாழமரம் கட்டினா மேஜ போட்டாகணும்."

"அதான் ஒங்களக் கூப்புட வந்தேன்."

"வெத்தல பாக்கு தட்டோட வர்றேன் தங்கச்சி."

அன்றைக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நெல் ஏற்றின கூட்ஸ் வண்டி ஒன்று நடுவில் நின்றுகொண்டு போகவும் இல்லை, வரவும் இல்லை. ஆட்டோவில் நான்கு பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுடர்விழி நைட் டியூட்டி முடித்து நேராக பஸ் பிடித்து வந்திருந்தாள். காத்தான் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைக் கட்டியிருந்தான். கேட் திறக்கக்கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தது அவன் உதட்டிலேயே தெரிந்தது.

கேட் திறந்தது.

மருந்துக்கடை வாசலில் பந்தல். ஒலிபெருக்கியில் நாதசுரம். அன்பரசனின் வாடிக்கைக்காரர்கள் நூறு பேருக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். எல்லையம்மாள் பட்டுச் சேலையில் இருந்தாள். மேடையில் பெரிய மனுஷர்கள் பேசுவதற்கு மைக் வைத்திருந்தது; பெரிய மனுஷர்கள் இன்னும் வரவில்லை. ராசு யாரையும் கேட்கவில்லை. காப்பி டம்ளர் வைத்திருந்த மேஜையைக் காலி செய்து பந்தல் முகப்பில் இழுத்துப் போட்டான். வெற்றிலைத் தட்டை வைத்தான். பேனா மூடியைத் திறந்தான். மைக்கை ஸ்டாண்டோடு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு தடவை கனைத்தான். கூட்டம் பழக்கதோஷத்தில் அமைதியாகிவிட்டது.

"காத்தான், தங்கம்மாள் குடும்பத்தார்" என்றான் ராசு. "பழைய மொய் வரவு, பத்தாயிரத்து ஒண்ணு."

குரல் கடைத்தெருவைத் தாண்டிப் போயிற்று. காத்தான் மஞ்சள் முடிப்பை அவிழ்த்தான். அவன் இன்னொரு கை இடுப்பு மடிப்புக்குப் போவதைத் தங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்ன அது?"

"ஐநூறு வச்சிருக்கேன். புதுசா அதையும் சேத்து வச்சிடுவோம் புள்ள. மொட்டையா வச்சா நல்லாருக்காது."

"மொட்டையாத்தான் வைக்கணும்."

"அவரு மனசு..."

"அவரு மனசு அவருட்ட இருக்கட்டும். அத மடியில வைங்க."

காத்தான் அவள் முகத்தைப் பார்த்தான். தட்டில் பத்தாயிரத்து ஒன்றை மட்டும் வைத்தான்.

மாடிப்படியில் அன்பரசன் ஓடி வந்தான். பட்டுச் சட்டை, கழுத்தில் யாரோ போட்ட சால்வை. சிரிப்பு முகத்தில்தான் இருந்தது, ஆனால் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"மாமா, என்ன மாமா இது. பத்திரிகையிலயே போட்டிருக்கேனே, அன்பளிப்பு வேணாம்னு."

"அன்பளிப்பு இல்ல தம்பி" என்றாள் தங்கம்மாள். "பாக்கி."

"இது ஆபீஸ் தொறப்பு அத்தை. விசேஷம் இல்ல."

"விசேஷம் இல்லாமத்தான் வாழமரம் கட்டி வச்சிருக்கீங்களா? ஊருக்கே பத்திரிகை வச்சீங்க, சால்வை வாங்கிக்கிட்டீங்க. எங்ககிட்ட வாங்குறதுக்கு மட்டும் இது விசேஷம் இல்லியா?"

யாரோ சிரித்தார்கள். அன்பரசன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பெருந்தன்மையாகச் சொன்னான்:

"நமக்குள்ள என்ன அத்தை கணக்கு. எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்கங்க."

ராசு பேனாவை நிறுத்தினான். முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒன்றை அவன் எழுதியதில்லை. கொஞ்சம் யோசித்தான். பிறகு மைக்கில் முறைப்படி கேட்டான்:

"சபையில வச்ச மொய்ய வேணாங்குறீங்களா? வேணாம்னா வேணாம்னே எழுதிடுறேன். அப்புறம் பாக்கி கெடையாது, அது தள்ளுபடி. என்ன எழுத?"

கூட்டத்தில் கேசரி தின்பது நின்றுவிட்டது. மூன்றாவது வரிசையில் இரும்புக்கடை மீரா உசேன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தள்ளுபடியா? ராசண்ணே, நம்ம கடை தொறப்புக்கு எழுதின மூவாயிரத்து ஒண்ணையும் ஒரு வார்த்த கேட்டுடுங்க. அதுவும் வேணாமான்னு."

"என்னோட ரெண்டாயிரமும் இருக்கு" என்றாள் எல்லையம்மாள்.

அன்பரசன் நின்றான். அவன் கணக்குப் போடுவதைத் தங்கம்மாள் பக்கத்திலிருந்து பார்த்தாள். கணக்குப் போடும்போது அவனுக்கு மாமாவும் கிடையாது, அத்தையும் கிடையாது. கண்ணுக்குள் ஏதோ ஓடும், அவ்வளவுதான். ஒருத்திக்கு வேண்டாம் என்றால் நூறு பேருக்கும் வேண்டாம் என்றாகும். மொய்யும் போய், ஆளும் போகும். வாங்கிக்கொண்டால் ஆள் மட்டும்தான் போகும். எட்டு லட்சத்துக்காக வந்து வாசலில் நின்றவன், ஒரு ரூபாய் நாணயம் உட்பட எதையும் விடுகிற ஜாதி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். என்றாலும் இத்தனை பேர் பார்க்கும்போது கொஞ்ச நேரமாவது வெட்கப்படுவான் என்று நினைத்திருந்தாள். அதற்குக்கூட அவனிடம் சரக்கு இல்லை.

"குடுத்துட்டாங்கன்னா மரியாதைக்கு வாங்கிக்கணும்ல" என்றான் அன்பரசன். தட்டிலிருந்த பணத்தை எடுத்தான்.

"எண்ணிப் பாத்துக்கங்க தம்பி" என்றாள் தங்கம்மாள்.

எண்ணினான். சால்வையை ஒரு தோளில் ஒதுக்கிவிட்டு, விரலை நாக்கில் தொட்டு, நூறு பேர் முன்னால், வாழைமரத்தடியில் நின்று எண்ணினான்.

காத்தான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மாமா என்று கூப்பிட்ட வாய்க்குள் போய்ப் போய் வந்த அந்த விரலைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிற்று. வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினான்.

"பாதின்னு சொன்னியே, அதப் போடு. நம்பர் வந்தா சொல்றேன்."

சுடர்விழி தன் போனில் எதையோ அழுத்தினாள். காத்தானின் போன் அவள் கையில் அதிர்ந்தது. அவன் அதை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சத்தமாகச் சொன்னான். பக்கத்திலேயே நோட்டு எண்ணிக்கொண்டிருந்த அன்பரசனுக்கு அந்தச் சத்தத்தில் நடுவில் தவறிப்போய், முதலிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று.

"ஆயிடுச்சுப்பா" என்றாள் சுடர்விழி. "மீதி ஏப்ரல்ல."

"சரியா இருக்கு" என்றான் அன்பரசன், யாரையும் பார்க்காமல். சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

ராசு மைக்கைப் பக்கத்தில் இழுத்தான்.

"காத்தான் தங்கம்மாள் குடும்பத்தார், பழைய மொய் முழுசும் வரவு. புது மொய் இல்லை. கணக்கு முடிந்தது." கனைத்தான். "அடுத்து யாருப்பா?"

மீரா உசேன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் எல்லையம்மாள் மடியைத் தடவிக்கொண்டு வந்து நின்றாள்.